தை மாதம் வந்த வீடு

செவ்வாய்க்கிழமை காலை முதல் வகுப்பை முடித்துவிட்டுக் கீழே இறங்கினேன். கல்லூரி வாசலில் செல்லையா நின்றுகொண்டிருந்தார். தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்ப்பவர். என்னைத் தேடி மாட்டுங்கா வரைக்கும் அவர் வருகிறார் என்றால் நல்ல சேதியாக இருக்காது என்று அப்போதே தோன்றியது.

"மீரான் அண்ணன் தவறிட்டாவ சார். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாவ, அம்புட்டுதான். நேத்து காலைல அடக்கம் பண்ணியாச்சு."

மீரான் என்னோடு படித்தவர், என் வயதுதான். நாற்பதுகூட ஆகவில்லை. செல்லையா தொடர்ந்தார். "வெள்ளிக்கிழமை எங்க சந்துல கூடுதோம். நீங்க ரெண்டு வார்த்தை எழுதித் தந்தா வாசிச்சிருவோம். ஒண்ணே ஒண்ணு சார், அந்தப் பழைய தப்பை மட்டும் எழுதிராதிய. மனுசன் போயிட்டாவ, இனி அதெல்லாம் எதுக்கு?"

சரி என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். இது நான்காவது தாள்.

மீரானைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர்கள் சந்துக்காரர்களாகிய நீங்கள். அவரும் நானும் சமூகவியல் எம்.ஏ. வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்பது மட்டும் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருடைய வாப்பா தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். நான் முதல்முறை அங்கே போனபோது பெரியவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ரெண்டு பேரும் என்னமோ படிக்கியளே, அதை வச்சு என்னத்தைத் தைக்க முடியும்?" நான் இரண்டு மூன்று பெரிய வார்த்தைகளை எடுத்துவிட்டேன். மீரான் குறுக்கே வந்தார். "வாப்பா, பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொல்லுதான்னு காது கொடுத்துக் கேக்குத படிப்பு இது." "அதுக்கு ஒரு காலேஜா?" என்றார் பெரியவர். மீரான் சிரித்த சிரிப்பு பட்டறை முழுக்கக் கேட்டது.

கிண்டல் அவருக்குக் கைவந்த கலை. ஒரு நாள் சாயங்காலம் என்னை மாஹிமுக்குக் கூப்பிட வந்தார். "ஆத்துல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். எங்கள் வீடுகளில் மனைவியைக் கேட்பதை அப்படித்தான் சொல்வோம். "உம்ம ஆத்துல தண்ணி ஓடுதாவே? கேட்டா பதில் சொல்லுமா?" என்றார். உள்ளே என் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த அற்ப விஷயத்தை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்போதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் ஒரு கணக்கெடுப்பு அலுவலகத்தில் இருவரும் சேர்ந்தோம். நான் வீடு வீடாகப் போய்ப் படிவம் எழுதுகிறவன், மீரான் அதைச் சரிபார்க்கிறவர். உங்கள் சந்துக்குப் பக்கத்துச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மாற்று இடம் உண்டு, ஊரில் வீடு வைத்துக்கொண்டு வந்து போகிறவர்களுக்குக் கிடையாது என்று அப்போது சொல்லப்பட்டது. அதை முடிவு செய்யும் காகிதம் என் கையில் இருந்தது. அது ஐப்பசி மாதம்.

செல்லையாவின் வாசலில் நின்று, "வீடு எங்கே?" என்று கேட்டேன். "வீட்ல ஊர்லதான் இருக்கு சார். தையில வரும்" என்றார். எழுதிக்கொண்டேன்: வீடு ஊரில், தையில் வரும். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், தை மாதம் கட்டி முடித்துவிடுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தில் பாதிப் பேர் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். திருநெல்வேலிச் சீமையில் இத்தனை பேர் வீடு கட்டுகிறார்களே என்று ஆச்சரியம்கூடப் பட்டேன். அவர்கள் எல்லார் படிவத்திலும் 'தற்காலிகம்' என்று குறித்துவிட்டு அடுத்த சந்துக்குப் போய்விட்டேன்.

மீரான் அப்போது தாணேயில் வேறு வேலையாக இருந்தார். திரும்பி வந்து படிவங்களைப் பார்ப்பதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது. முதல் தாளைப் படித்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. "வீடு எப்படிவே ரயிலேறி வரும்?" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை. "வீட்லன்னா பொஞ்சாதிவே! செல்லையா பொஞ்சாதி பிரசவத்துக்குப் போயிருக்கா. அப்படின்னா என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

மனைவியை 'ஆத்துல' என்று சொல்கிறவன் நான். 'வீட்ல' என்றால் செங்கல்லும் ஓடும் என்று எழுதிவிட்டேன்.

சந்து முழுக்க மறுபடி எழுத வேண்டும், அதற்கு நான்தான் போக வேண்டும். மீரான் எனக்கு முன்னால் உங்களிடம் வந்தார். "சார் எழுதினது சரிதான். ஆபீஸ்ல நான்தான் மாத்திட்டேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். "உம்ம மேல நம்பிக்கை போச்சுன்னா ஒருத்தனும் கதவு திறக்க மாட்டான். எம் மேல வந்த கோவம் நாளைக்கே போயிரும், நான் இங்கேயே கிடக்கவன்." அலுவலகத்திலும் அதையே சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கோபம் போகவில்லை. திருத்திய பட்டியல் போய்ச் சேர்வதற்குள் சந்தின் கடைசியில் நாலு குடிசைகளைப் பிரித்துவிட்டார்கள். அதில் ஒன்று செல்லையாவுடையது. மற்றவர்கள் தப்பினீர்கள். தை மாதம், சொன்னபடியே செல்லையாவின் வீடு வந்தது, கைக்குழந்தையோடு. இறங்க இடமில்லை. மீரான்தான் தம் பட்டறைப் பரணில் தோல் மூட்டைகளை ஒதுக்கி இடம் கொடுத்தார். பல மாதம் அங்கேதான் இருந்தார்கள். "தப்பா எழுதினாலும் தங்க இடம் கொடுத்தாவ" என்று செல்லையா இன்றைக்கும் நன்றியோடு சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

மீரானுக்கு வேலை போயிற்று. பட்டறையில் பை தைக்க உட்கார்ந்தார். எனக்கு அதே கணக்கெடுப்பின் பேரில் நற்சான்று கிடைத்து, கல்லூரி வேலையும் கிடைத்தது. போன வருஷம் சயான் ஸ்டேஷனில் தோல் சுருளோடு நின்றவரைப் பார்த்தேன். "மீரான், அந்த விஷயத்தை நான் சந்தில் சொல்லிவிடலாம் என்று..." ஆரம்பித்தேன். "உம்ம வண்டி வந்துட்டுவே, ஏறும்" என்றார். ஏறிவிட்டேன். ஏறியிருக்கக் கூடாது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வார்த்தை: "அப்படின்னா?" வகுப்பில் நான் நடத்தும் பாடமெல்லாம் அதற்கு அப்புறம்தான். காய்கறிக்காரரிடம் கேட்கிறேன், பஸ் கண்டக்டரிடம் கேட்கிறேன், சில சமயம் திட்டும் வாங்குகிறேன்.

செல்லையா, பழைய தப்பை எழுத வேண்டாம் என்றீர்கள். அது மீரானுடையதாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். உங்கள் வாசலில் நின்று, தையில் வரப்போவது யார் என்று கேட்காமல் எழுதிக்கொண்டு போனவன் நான். மீரான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இந்தத் தாளை உங்களிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. வெள்ளிக்கிழமை நானே வந்து உங்கள் எல்லார் முன்னாலும் வாசிக்கிறேன். வரும்போது வீட்டையும் அழைத்து வாருங்கள்.