தேசப்பன் எழுதாத அட்ரஸ்

தேசப்பன் செத்துட்டான்.

காலையில அவன் தம்பி போன் பண்ணான். நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுது.

போனை வச்சுட்டு ஃபேஸ்புக்கைத் தொறந்தா, எங்க பழைய மேனேஜரோட அஞ்சலி. "மை டியர் தேசப்பன். எ ஜெம்." கீழே கூப்பின கை வேற. த்தூ...

எண்பதுகளோட கடைசியில நானும் தேசப்பனும் ஒரே கம்பெனி. பழவேற்காட்டுல பஸ் ஏறி, பொன்னேரியில ரயில். அவன் டிபன் பாக்ஸ்ல இருக்கிற எறா தொக்கை ரயில்லயே காலி பண்ணிடுவேன். "மத்தியானம் நான் இன்னாத்தடா துன்றது?"ம்பான்.

நாங்க செஞ்சது கம்ப்யூட்டர் போர்டு. ஸ்விட்ச் போட்டதும் முதல்ல ஓடுற புரோகிராம் ஒரு சிப்ல இருக்கும். நெட்வொர்க்ல இந்த போர்டோட அட்ரஸ் இன்னதுன்னு அதுதான் சொல்லணும். ஒவ்வொரு போர்டுக்கும் வேற வேற. அதை சிப்ல எழுதுறது தேசப்பன் வேலை.

மேனேஜருக்கு அவசரம். "ஒரு சிப் ஓடுதில்ல? அதையே எல்லாத்துக்கும் காப்பி அடி."

"சார், எங்க ஏரியில பாடுன்னு ஒண்ணு. இன்னாருக்கு இன்ன எடம்னு சீட்டு குலுக்கிப் பிரிப்பாங்க. ஒரே எடத்துல ரெண்டு பேர் வலை கட்டினா அடிதடிதான் சார்"னான் தேசப்பன்.

"மீன் கதையெல்லாம் ஊர்ல வச்சுக்கோ"ன்னாரு. பக்கத்துலயே நின்னு காப்பி எடுக்க வச்சாரு.

அந்த போர்டெல்லாம் போனது எங்க ஊர்ப் பக்கம் ஒரு எறா கம்பெனிக்கு. எடை போடற எடத்துல ஒண்ணு, ஐஸ் ரூம்ல ஒண்ணு. மாட்டறதுக்கு மேனேஜரோட நாங்க ரெண்டு பேரும் போனோம். முதலாவது நல்லா ஓடுச்சு. ரெண்டாவதைப் போட்டதும், ரெண்டுக்கும் ஒரே அட்ரஸ், ரெண்டுமே படுத்துடுச்சு. எடை போட வழியில்லாம எறாக் கூடையெல்லாம் வெயில்ல கெடக்குது... ஜனம் கத்துது.

மேனேஜர் தேசப்பனைக் கை காட்டினாரு. "இவன் எழுதினதுதான்."

கூடையோட எதிர்ல நின்னுட்டிருந்தது அவனோட நைனா. ஊர்ல பாடு பிரிச்சுக் குடுக்கிற பெரிய மனுஷன்.

"அப்படி இன்னாபா தப்பு பண்ணான்?"னு அப்புறம் என்னைக் கேட்டாரு. எல்லாத்தையும் சொன்னேன். சார் சொல்லித்தான் நடந்துதுன்னு அல்லா மேல சத்தியம் பண்ணேன்.

"அவ்ளோ பெரிய சாரு பொய்யா சொல்லுவாரு? ரெண்டு பேருக்கு ஒரே எடத்தைக் குடுத்துட்டான்பா, என் புள்ள..."

சாவற வரைக்கும் அவருக்கு அந்த எண்ணம் மாறல. தேசப்பனும் அதுக்கப்புறம் ஏரிப் பக்கமே போகல.

இன்னைக்கு அந்த அஞ்சலியில சார் எழுதுறாரு: "காப்பி எடுக்கச் சொன்னது நான். வேண்டாம்னு சொன்னது அவர். அந்தப் பாடு கதையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது."

சிரிப்பாம்! இன்னா ஜென்மம்யா நீயெல்லாம்.

போய் வாடா தேசப்பா. நைனாவைப் பாத்தா முதல்ல இதைச் சொல்லு... நீ யாருக்கும் ஒரே எடத்தைக் குடுக்கல. பெரிய சாரே எழுதிட்டாரு.