கூழைக்கடாவுக்கு ஒரு டீவியேஷன்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு ஒரு பழக்கம்: எதையாவது எழுதி வைத்திருந்தால் அப்படியே நம்பிவிடுவேன். சோப்புத்தூள் பொட்டலத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட விட மாட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் என்னைத் தரப் பரிசோதனைக்குப் போட்டது இதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

மேஜைக்கு மேலே ஒரு பலகை இருக்கும். ஒரு பக்கம் தேறிய பாகம், மறுபக்கம் தேறாத பாகம், நடுவில் 'இதுவரை போகலாம்' என்று எல்லை காட்டும் மாதிரி ஒன்று. கைக்கு வருவதை அதோடு ஒப்பிட்டு ஓகே அல்லது என்.ஜி. சொல்ல வேண்டும். தேறாததற்கு எங்கள் பாஷையில் என்.ஜி. மூன்றாவது பதில் கிடையாது.

பயிற்சிக் காலம் முடிந்து, என்னை நிரந்தரம் செய்யும் காகிதம் தொழிற்சாலைக்கே தலைவரான பிளான்ட் ஹெட்டின் மேஜைக்குப் போயிருந்த வாரம் அது. காகிதத்தில் ஒரு சிக்கல். அக்கா கல்யாணத்துக்கு வரம்பைவிட இரண்டு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்திருந்தேன். வரம்பு மீறினால் நிரந்தரம் இல்லை என்று விதியில் எழுதியிருந்தது. எழுதியிருந்ததால் நம்பினேன்.

அந்த வாரம்தான் பறவைப் போட்டி அறிவித்தார்கள். காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் மிச்சமிருக்கும் ஏரியில் பறக்கும் பறவைகளை ஊழியர்கள் படமெடுத்து அனுப்ப வேண்டும். தேறும் பன்னிரண்டு படங்கள் காலண்டருக்கு. பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு ஹெச்.ஆர். ஆட்கள் என்னிடம் கொடுத்தார்கள். "சரி, தப்பு சொல்றதுதானே உன் வேலை!"

எனக்குக் காக்காய் தவிர ஒன்றும் தெரியாது. மூன்று நாள் டீ இடைவேளையில் டம்ளரோடு சுவரோரம் நின்று பார்த்தேன். இணையத்தில் தேடிப் படித்தேன். பறக்கும் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது சிறகு எந்த நிலையில் நிற்கிறது என்பதாம். முழுக்க மேலே போயிருந்தால் நல்லது. முழுக்கக் கீழே இறங்கியிருந்தாலும் நல்லது. நடுவில், உடம்புக்கு நேராக நீட்டும்போது பக்கத்திலிருந்து எடுத்தால் சிறகு வெறும் கோடாகிவிடும். கொக்கு குச்சியில் குத்திய வடைபோல இருக்கும். எல்லாவற்றிலும் மோசம், சிறகு முன்னால் வந்து முகத்தை மறைப்பது.

இதையெல்லாம் வைத்து ஒரு பலகை தயாரித்தேன். எல்லை மாதிரியும் உண்டு: கண் தெரிந்தால் போகலாம்.

பக்கத்து மேஜை தூத்துக்குடிக்காரன் எட்டிப் பார்த்தான். "ஏல, அது பறக்கதே பெருசு. அதையும் அளந்துதான் விடுவியோ?"

பதினேழாம் எண் படம் ஒரு கூழைக்கடா, அதாவது பெலிகன். ஒவ்வோர் இறகையும் எண்ணலாம்போல அவ்வளவு துல்லியம். ஆனால் தலை இருக்க வேண்டிய இடத்தில் சிறகு. என்.ஜி.க்கு உரிய சிவப்பு டேக் ஒட்டிப் பதிவேட்டில் ஏற்றினேன்.

மதியம் சூப்பர்வைசர் வேகமாக வந்தார். ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"இன்னாபா, பதினேழுக்கு செவப்பு போட்டுக்கீற?"

"மூஞ்சி தெரியலண்ணே."

"மூஞ்சி தெரியல, ரைட்டு. எட்த்தது யாருன்னு தெரியுமா? பிளான்ட் ஹெட்டு! லீவு நாள்ல லென்ஸைத் தூக்கிக்கினு போய் ஏரிக்கரையில வெயில்ல குந்திக்கினு எட்த்தாரு. உன் பேப்பரும் அவர் டேபிள் மேலதான் கீது. பச்சைய ஒட்டு. பறவை வந்து கேக்கவா போவுது?"

நான் ஒட்டவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பதிவேட்டில் ஏறிய சிவப்பு டேக்கைக் கிழிப்பது குற்றம் என்று பயிற்சிப் புத்தகத்தில் எழுதியிருந்தது. தேறாத பாகம் வெளியே போக ஒரே வழிதான் உண்டு: டீவியேஷன் படிவம். குறை இருக்கிறது, ஆனால் உபயோகத்துக்குக் கெடுதல் இல்லை என்று எழுதி பிளான்ட் ஹெட்டிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த லாட், அதாவது அந்தத் தொகுதி மட்டும், போகலாம்.

நிரப்பினேன். குறை: இடது சிறகு முகத்தை மறைக்கிறது. காரணம்: ஆபரேட்டர் பட்டனை முந்தி அழுத்தியது. உபயோகத்துக்குப் பாதிப்பு: தேதி பார்க்கத் தடையில்லை. எண்ணிக்கை: ஒன்று. இந்த லாட்டுக்கு மட்டும்.

சூப்பர்வைசர் தலையில் கை வைத்தார். "டேய், அவர் போட்டோ தப்புன்னு அவர்கிட்டயே கையெய்த்து வாங்கப் போறியா? உன்னயெல்லாம் படிக்க வச்சாங்க பாரு, அவங்கள சொல்லணும்."

"போய்ட்டு வால," என்றான் தூத்துக்குடிக்காரன். "வரும்போது ஐடி கார்டு கழுத்துல கெடக்கான்னு பாத்துக்க."

பிளான்ட் ஹெட் படிவத்தை இரண்டு முறை படித்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"கண்ணு தெரியலையா?"

"அலகு நுனி மட்டும் தெரியுது சார்."

"சிறகு?"

"சிறகு ரொம்ப நல்லா இருக்கு சார். நிக்கிற இடம்தான்."

அவர் படிவத்தில் காரணம் எழுதிய வரியில் விரலை வைத்தார்.

"ஆபரேட்டர் முந்தி அழுத்திட்டான்னு எழுதியிருக்க. ஆபரேட்டர் யாரு?"

"பேரை மறைச்சுத்தான் குடுத்தாங்க சார்."

பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். "போ," என்றார். எந்தக் குரலில் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

காலண்டரில் கூழைக்கடாவுக்கு ஜூன் மாதம் கிடைத்தது. பத்து நாள் கழித்து எனக்குக் கவர் வந்தது. வேலை நிரந்தரம். கடிதத்தோடு இன்னொரு தாள் பின் குத்தியிருந்தது. என் மேஜையில் இருக்கும் அதே டீவியேஷன் படிவம், பிளான்ட் ஹெட் தன் கையால் நிரப்பியது.

குறை: விடுப்பு இரண்டு நாள் கூடுதல். காரணம்: அக்கா கல்யாணம். உபயோகத்துக்குப் பாதிப்பு: இல்லை. எண்ணிக்கை: ஒன்று. இந்த லாட்டுக்கு மட்டும்.

வீட்டில் அம்மா கடிதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடா எழுதிக்கீது?"

"வேலை பர்மனென்ட்டும்மா," என்றேன்.

"பின்னால ஒண்ணு கீதே?"

"அது ஆபீஸ் கணக்குக்கு," என்று சொல்லி, அந்தத் தாளை மட்டும் உருவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.