பாறைகளுக்கு நடுவே மாமாவின் வழி

என் மாமாவைத் தீவுக்கு வெளியேயும் பலருக்குத் தெரியும். பெரிய நாவலாசிரியர் ஒருவர் எங்கள் தெருவில் மாடி அறை எடுத்து நான்கு வருடம் தங்கினார். தினமும் மாமாவின் படகில் போவார். அவருடைய புகழ்பெற்ற நாவலில் வரும் மீனவர் மாமாதான்.

கடலில் பாறைத்திட்டுக்கு உள்ளே ஒரு பள்ளம் இருக்கிறது. மற்ற இடங்களில் மீன் இல்லாதபோதும் அங்கே கிடைக்கும். அதற்குப் போகும் வழி மாமாவுக்கு மட்டும் தெரியும். மீன் இருக்கும் இடத்தை இங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அப்பாவும் மீனவர்தான், கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

"எழுத்தாளருக்குக் காட்டினியே, அக்கா புருஷனுக்குக் காட்டக் கூடாதா?"

"அவரு மீன் பிடிக்க மாட்டாரே, மச்சான்."

மாமா கேட்டுக்கொண்டபடி நாவலாசிரியர் புத்தகத்தில் அடையாளங்களை மாற்றிவிட்டார். கலங்கரை விளக்கமும் பள்ளிக்கூடக் கூரையும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தில் வழி திறக்கும் என்று எழுதினார். உண்மையில் அங்கே பாறைதான். தீவில் யாரும் புத்தகத்தை நம்பிப் படகு ஓட்ட மாட்டார்கள் என்று இருவரும் நினைத்தார்கள். வாசகர்கள் வருவார்கள் என்று நினைக்கவில்லை.

போன மாதம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வாடகைப் படகைத் தாங்களே ஓட்டிப்போனார்கள். அந்த மனைவி புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். நான் படகுத்துறையில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய படகு திட்டில் மோதி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கிப் பாறையில் அடித்தது.

துறையில் வலை பின்னிக்கொண்டிருந்த மாமா அதைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். தன் வழியில் போனால் பத்தே நிமிடம். ஆனால் துறை முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள், அப்பாவும் நின்றிருந்தார்.

"கொஞ்ச நேரம் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க," என்றார் மாமா. அது வேடிக்கைப் பேச்சு இல்லை.

ஒருவரும் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.

மாமா படகைக் கிளப்பினார். நேராகப் போய், கரையிலுள்ள தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வந்ததும் இடது பக்கம் வெட்டி, திட்டுக்குள் நுழைந்தார். என் பக்கத்தில் நின்ற அப்பாவின் உதடுகள் அசைந்தன. திருப்பங்களை எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

இருவரையும் மாமா உயிரோடு கொண்டுவந்தார். அந்த மனைவிக்கு முழங்கையில் ஆழமான காயம். மாமா யாருடைய முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் விடியற்காலையில் அப்பா கிளம்பும்போது அம்மா டீசல் கேனை எடுத்து வைத்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"என் தம்பி ரெண்டு உயிரைக் காப்பாத்தப் போனான். நீங்க வழி பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

அப்பா அன்று போகவில்லை. வேறு ஐந்து படகுகள் அந்தப் பள்ளத்துக்குப் போயின. மூன்றாம் நாள் அப்பாவும் போனார், கூடை நிறைய மீனோடு வந்தார். அம்மா அந்த மீனைக் கையால் தொடவில்லை.

மாமா இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தனியாக வெகுதூரம் போய் வேறு இடம் தேடுகிறார். கிடைத்ததா என்று துறையில் அவரிடம் கேட்டேன்.

"உங்கப்பன் கேக்கச் சொன்னானா?" என்றார்.

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.