அக்காவின் கணினிக்கு லினக்ஸ் போட்டவன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் என் அக்கா டாக்டராக இருந்தாள். மற்ற நேரங்களில் அவள் தேயிலை எஸ்டேட்டின் டீக்கடையில் வேலை செய்பவள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தெரியும் பச்சை மேடுகளைப் படமெடுக்க வரும் சுற்றுலாக்காரர்களுக்கு டீயும் கேக்கும் எடுத்துக் கொடுப்பாள். நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் வேண்டாம் என்று தீர்மானமாக இருந்துவிட்டவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எஸ்டேட் வீட்டில் தனியாக இருக்கிறாள். அந்த வீட்டு முன்னறையில், துணி இஸ்திரி போடும் மேசைக்குப் பக்கத்தில், அவளுடைய கணினி.

அவள் விளையாடியது சுடுகிற விளையாட்டு. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஆனால் அக்கா அதிகம் சுடமாட்டாள். தன் பக்கத்து ஆள் அடிபட்டு விழுந்தால், குண்டு பறக்கும் இடத்தில் குனிந்து ஓடி, மருந்து கொடுத்து எழுப்பிவிடுவதுதான் அவள் வேலை. அதனால்தான் டாக்டர். அணியில் ஒருவர் ஈப்போவில், ஒருவர் ஜொகூரில், இன்னொருவர் சிரம்பானில். தலைவர் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் நால்வரும் மாறி மாறி விசாரிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து முதலில் அவர்களிடமிருந்துதான் வரும். சர்ச்சில் அவளுக்குத் தெரிந்தவர்கள் நிறைய. கூட்டாளி என்று சொன்னால் இந்த நான்கு பேர்தான்.

எனக்கு லினக்ஸ் பைத்தியம். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கேயே ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பழைய கணினி ஒன்றைப் பார்த்துவிட்டால் அதில் லினக்ஸ் போடாமல் என் கை சும்மா இருக்காது. சர்ச் அலுவலகத்துக் கணினியிலும் போட்டேன். பாதிரியார் இன்றுவரை ஒரு தாள் பிரிண்ட் எடுக்க எனக்குத்தான் ஃபோன் செய்கிறார். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடுவது, காசில்லாமல் கிடைப்பது, யாருக்கும் சொந்தமில்லாதது, உள்ளே என்ன நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன். எதிரே இருப்பவர் மணி பார்ப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசுவேன்.

அக்காவுடைய கணினியில் இருந்த பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு வராது என்ற அறிவிப்பு வந்தது. புதியது அந்தக் கணினியில் ஏறாது. எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. உடனே கிளம்பிப் போனேன்.

"போடுறது போடு. ஞாயித்துக்கிழம விளையாடுறது ஓடுமா?" என்று அக்கா கேட்டாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"ஓடும்கா. இப்பல்லாம் எல்லாமே ஓடுது" என்றேன்.

பார்க்காமல் சொன்னேன். விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டை லினக்ஸில் ஓட்டுவதற்கு நடுவில் நின்று மொழிபெயர்த்துக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிறது. எந்த விளையாட்டு ஓடும், எது ஓடாது என்று உலகமெங்கும் உள்ளவர்கள் விளையாடிப் பார்த்து எழுதிவைத்த இணையதளங்களும் இருக்கின்றன. ஒரு நிமிட வேலை. ஆனால் எங்களைப் போன்ற ஆட்களுக்கு ஓடுமா என்று தேடிப் பார்ப்பதே ஒரு அவமானம். சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போட்டேன். கணினி துள்ளிக்கொண்டு எழுந்தது. அவள் எப்போதாவது விளையாடும் தோட்டம் போடும் விளையாட்டு முன்னைவிட வேகமாக ஓடியது. நான் மார்தட்டிக்கொண்டேன். பிறகு அணி விளையாட்டைத் திறந்தோம். படம் வந்தது, இசை வந்தது, நடுவில் ஒரு வரி ஆங்கிலம் வந்தது, மூடிக்கொண்டது. கள்ள ஆட்டம் ஆடுபவர்களைப் பிடிப்பதற்கு இந்த மாதிரி விளையாட்டுகளில் காவல்காரன் மாதிரி ஒரு மென்பொருளை வைத்திருப்பார்கள். சில விளையாட்டுகளின் காவல்காரன் லினக்ஸ்காரர்களையும் உள்ளே விடுவான். இவன் விடவில்லை.

நான் அந்த விளையாட்டைச் செய்தவர்களைத் திட்ட ஆரம்பித்தேன். சுதந்திரம் என்றேன், அடிமைத்தனம் என்றேன். அக்கா காப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தாள்.

"பழசையே திரும்பப் போட்டுடவா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்ல வேண்டும் என்கிற குரலில்தான் கேட்டேன். அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"நீயும் அதத்தான விளையாடுவ. நீ என்ன செஞ்ச?"

"நான் எப்பவோ விட்டுட்டேன்கா."

"அப்ப நானும் விட்டுடுறேன்லா" என்றாள். கூட்டாளிகளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள், கணினி மாற்றியாகிவிட்டது, இனி வர முடியாது என்று.

நான் விடவில்லை. என் கணினியின் ஒரு மூலையில் விண்டோஸ் இருந்தது. லினக்ஸ் பேசும் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான், விளையாடுவதற்கென்று ஓர் ஓரத்தில் வைத்திருப்பார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். நான் ஒரு படி மேலே போனவன். கணினியைப் போட்டதும் விண்டோஸா லினக்ஸா எது வேண்டும் என்று கேட்கும் அந்தப் பட்டியல்கூட யார் கண்ணிலும் படாதபடி மறைத்துவைத்திருந்தேன்.

அணித் தலைவரான கிள்ளான் அண்ணனிடம் என் நம்பர் இருந்தது. அக்கா ஓய்ந்து சில வாரங்கள் கழித்துக் கூப்பிட்டார்.

"தம்பி, டாக்டர் இல்லாம ரொம்ப சுசாவா, கஷ்டமா இருக்குப்பா. நாலு பேர வச்சிக்கிட்டு ஒன்னும் பண்ண முடியல. நீ வர்றியா? ஆள் கெடைக்கிற வரைக்கும்."

அக்காவுக்கு வேறு கணினிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஹோட்டலில் கழித்துப்போட்ட கணினிகள் இருந்தன, ஒன்றைக் கேட்டால் கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு, "சரிண்ணே, ஒரு வாரத்துக்கு" என்றேன். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

ஒரு வாரம் பல வாரமானது. விழுந்தவர்களை ஓடி ஓடி எழுப்பினேன். பழக்க தோஷத்தில் என்னையும் அவர்கள் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். முதல் தடவை கூப்பிட்டபோது கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இன்று எனக்கு வெட்கமாக இருப்பது அந்தச் சந்தோஷத்துக்காகத்தான். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

அங்கே அக்கா லினக்ஸ்காரியாக மாறிக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் ஆணைகள் தட்டக் கற்றுக்கொண்டாள். "தம்பி, அப்டேட் நானே போட்டுட்டேன்" என்று ஃபோன் செய்வாள். டீக்கடையில் கூட வேலை செய்யும் பெண்களிடம் என்னைப் பற்றிப் பெருமை பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தத் தோட்ட விளையாட்டில் முட்டைக்கோஸ் போட்டாள். ஜன்னலைத் திறந்தால் மலை முழுக்க நிஜ முட்டைக்கோஸ் தெரியும் ஊரில், என் அக்கா கணினிக்குள் முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. பேசுறதுக்குத்தான் ஆள் இல்ல" என்று ஒருநாள் ஃபோனில் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. நான் ஏதோ வேலை இருக்கிற மாதிரி பேச்சை முடித்துக்கொண்டேன். அது ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஆட்டத்துக்கு நேரமாகியிருந்தது.

நான் கையும் களவுமாகப் பிடிபட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நல்ல மழை. அக்கா சாமான் வாங்கப் பிரிஞ்சாங் வந்தவள், எனக்கு நாசி கோரெங் என்கிற வறுத்த சோற்றைத் தாப்பாவ் பண்ணிப் பொட்டலமாக எடுத்துக்கொண்டு மாடியேறியிருக்கிறாள். ஹெட்செட் காதை அடைத்திருந்ததால் கதவு திறந்தது எனக்குக் கேட்கவில்லை. மேசையில் ஒரு பொட்டலம் வந்து உட்கார்ந்தது. திரும்பினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் கிள்ளான் அண்ணன் ஒரு சுவரோரம் விழுந்து கிடந்தார்.

என்ன சொல்வது என்று தேடுவதற்குள் அக்கா பேசினாள்.

"அண்ணன் விழுந்துட்டாரு பாரு. மொதல்ல அவர எழுப்பு."

எழுப்பினேன்.

"அவரு எடது பக்கம் பாக்கவே மாட்டாரு. எப்பவும் அங்கதான் அடி வாங்குவாரு. நீதான் பாத்துக்கணும்."

ஆட்டம் முடியும் வரை என் பின்னால் நின்றாள். நாங்கள் ஜெயித்தோம். காதில் நான்கு பேரும் கும்மாளம் போட்டார்கள், அவளுக்கு ஒன்றும் கேட்காது. நான் ஹெட்செட்டைக் கழற்றிவைத்தேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சமாவது மூச்சு விட்டிருப்பேன். "ஆறிடும், சாப்புடு" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. ஹோட்டலில் ஒரு கணினியைத் திறந்து வைத்துவிட்டு எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் நின்றேன். அவளுக்கு ஃபோன் செய்யப் பயம். அவளும் செய்யவில்லை. சொன்னதெல்லாம் பொய்யாகப் போன எனக்கு, ஒன்றையாவது உண்மையாக்க வேண்டும் என்று வெறி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் உட்கார்ந்து என் கணினியிலிருந்த விண்டோஸை அழித்தேன். சும்மா அழிக்கவில்லை. அந்த இடத்தையும் துடைத்து லினக்ஸுக்கே சேர்த்துக்கொண்டேன். அக்கா விட்டதை நானும் விட்டாயிற்று. இப்போது நாங்கள் சமம். பாவமன்னிப்பு வாங்கிய மாதிரி உடம்பு லேசாக இருந்தது. அறையைக்கூடப் பெருக்கினேன்.

மத்தியானம் தாண்டி அக்கா வந்தாள். தானா ராத்தாவில் சர்ச் முடிந்து நேராக வந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கார்களின் ஜேமில் மாட்டிக்கொண்டு. சர்ச்சுக்குக் கட்டிய புடவை அப்படியே இருந்தது. முகம் தெளிவாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கைப்பையிலிருந்து அவளுடைய ஹெட்செட்டை எடுத்து, சுற்றியிருந்த வயரைப் பிரித்தாள்.

"நான் யோசிச்சிப் பாத்தேன். என் வீட்டுல ஓடலன்னா என்ன, இங்க ஓடுதுதான? இனிமே ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சி இங்க வந்துடுறேன். ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீ. கிள்ளான் அண்ணங்கிட்ட பேசிட்டேன். இன்னிக்கி என்னத்தான் வரச் சொல்லியிருக்காங்க."

அந்த ஹெட்செட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது வைக்கும் இடத்தில் தோல் உரிந்து, அவளே புதுத்துணி வைத்துத் தைத்திருந்தாள்.

"அக்கா, நான் அழிச்சிட்டேன்" என்றேன்.

"எத?"

"விண்டோஸ. காலையில. உனக்காகத்தான்கா. நீ விட்டத நானும் விடணும்னு."

அவள் வயரை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

"எனக்காக எதுக்கு அழிச்ச? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. அன்னிக்கி என் கம்ப்யூட்டர்லயும் நீதான் அழிச்ச."

அவள் குரல் உயரவே இல்லை. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. திரும்பப் போட்டுவிடலாம் என்றேன். விளையாட்டையும் மறுபடி இறக்க வேண்டும், எங்கள் மலையில் கிடைக்கிற இணைய வேகத்துக்கு ராத்திரியாகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆட்டம் இன்னும் கொஞ்ச நேரத்தில். ஹோட்டலில் கேட்டு வேறு கணினி கொண்டுவருகிறேன் என்றேன். அன்றைக்கே செய்திருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

பிறகு ஃபோனை எடுத்துக் கிள்ளானுக்குப் போட்டாள். கிள்ளான் அண்ணன் எப்போதும் லோரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர், அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டாக்டர், எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சி. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்."

"இன்னிக்கி வர முடியாதுண்ணே. நீங்க வேற ஆள் பாத்துக்குங்க" என்றாள் அக்கா. "தம்பி கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சி."

"தம்பி நல்லா வச்சிக்குவானே. எப்பிடிக் கெட்டுச்சி?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரியலண்ணே" என்றாள். "தானாவே கெட்டுப்போச்சி."