வேலப்பன்சாவடிக்கு வந்த சம்பந்தி

ஜெயிலுக்குள் போய் ஜெபம் செய்வதும் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் ஐயாவின் வேலை. வாசலில் காத்து நிற்கிற பெண்களோடு நிற்பது என் வேலை. அறுபதுகளின் கடைசியில், அம்பத்தூரில் இருந்த எங்கள் சிறிய சிறை ஊழியத்தில் நான் சேர்ந்த முதல் நாளே எங்கள் போதகர் ஐயா இதைத்தான் சொன்னார்.

"உள்ள இருக்கிறவனுக்கு சோறும் கூரையும் சர்க்கார் குடுத்துடும். வெளிய நிக்கிறவங்களுக்கு யாரும்மா இருக்கா? நீ அவங்களோட இரு."

கைதியைப் பார்க்க வருவதை அங்கே 'மனு' என்பார்கள். மனுவுக்கு வருகிற பெண்களோடு பேசிப் பழகி, அவர்கள் வீடு தேடிப் போவேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, பெரிய பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குத் துணை போவது எல்லாம் ஊழியத்தில் சேர்ந்தவைதான். எங்கள் கமிட்டியில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "இத்தனை வீட்டுக்குப் போறீங்க, எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க?" என்று கேட்பார்கள். ஐயா சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

பம்பாயில் இருக்கிற அப்பா

மாங்காட்டிலிருந்து ராஜம்மாள் வருவாள். அவள் புருஷன் கன்னியப்பன், செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். ஒருநாள் குடித்துவிட்டு சூளை மேஸ்திரியோடு சண்டை. மண்வெட்டியால் அடித்ததில் மேஸ்திரி செத்துப்போனார். ஆயுள் தண்டனை. கன்னியப்பன் அதை மறைத்துப் பேசியதே இல்லை. "நாந்தான் அடிச்சேன், ஐயா" என்று முதல் நாளே ஐயாவிடம் அழுதாராம்.

அவர்களுடைய ஒரே மகள் வசந்தா எங்கள் தையல் வகுப்பில் படித்தாள். எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை முருகேசன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் டர்னர். வீடு வேலப்பன்சாவடி. அவர்கள் வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்.

ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். பரோலுக்கு எழுதிப் போட்டார். நான் மாங்காட்டுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். ராஜம்மாள் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ சிஸ்டர், அவுரு வரவே கூடாது! பம்பாயில வேலை செய்துகினு கீறாருன்னு சொல்லித்தான் பேசி முடிச்சேன். போலீசோட வந்து நின்னாருன்னா எம் பொண்ணு கல்யாணம் அத்தோட நின்னுடும்."

அடுத்த மனுவில் அவளே கன்னியப்பனிடம் சொன்னாள். அவர் அந்தப் பக்கமிருந்து கம்பி வலையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஐயாவைப் பார்த்து, "பரோல் வேணாங்க ஐயா. கொழந்த நல்லா இருந்தா போதும்" என்றார்.

அப்பா இப்படிச் சொன்னது வசந்தாவுக்குத் தெரிந்தது. மறுநாள் தையல் வகுப்பு முடிந்ததும் என் முன்னால் வந்து நின்றாள்.

"நா போய் அவங்க ஊட்ல சொல்லப் போறேன் சிஸ்டர். நீங்க கூட வாங்க."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டா உட மாட்டாங்க."

கல்யாணம் நின்றுபோனால் அந்தத் தாய் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். ஆனால் இது அவள் கல்யாணம். பஸ் ஏறினோம்.

மாப்பிள்ளை வீட்டில்

முருகேசனின் அம்மா தனலட்சுமியும், அவர் தம்பியான முருகேசனின் தாய்மாமாவும் வீட்டில் இருந்தார்கள். வசந்தா உட்காரக்கூட இல்லை.

"எங்கப்பா பம்பாயில இல்லீங்க. ஜெயில்ல கீறாரு. குடிச்சிட்டு ஒருத்தர அடிச்சாரு, அவுரு செத்துட்டாரு. தப்பு எங்கப்பா மேலதான். அம்மா பயந்து போய் மாத்திச் சொல்ட்டாங்க."

தம்பி துள்ளி எழுந்தார். "கொலைகாரன் ஊட்லயா பொண்ணு எடுக்கிறோம்? இந்த வேதக்காரம்மா யாரு? மதம் மாத்த வந்துகினு கீறாங்களா?"

"இல்ல அண்ணாத்தே. பொண்ணு தனியா வரக்கூடாதுன்னு கூட வந்தேன், அவ்வளவுதான்" என்றேன். எனக்குக் குரல் நடுங்கியது. வசந்தாவுக்கு நடுங்கவில்லை.

தனலட்சுமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஏம்மா வந்து சொன்ன?"

"நாளைக்கு இந்த ஊட்லதானே இருக்கப் போறேன். தெனம் பயந்துகினே எப்டி இருக்கிறது?"

அந்த நேரம் ஷிப்ட் முடிந்து முருகேசன் வந்தார். கையெல்லாம் கிரீஸ். மாமா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். முருகேசன் வசந்தாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்கப்பா வந்தா உனக்கு சந்தோஷமா?"

அதுவரை அழாத பெண் அப்போதுதான் அழுதாள்.

"அப்ப வரட்டும்மா" என்றார் அவர் அம்மாவிடம்.

தனலட்சுமி தம்பி பக்கம் திரும்பினார். "இவதாண்டா எம் மருமவ. உனக்கு இஷ்டமிருந்தா கல்யாணத்துக்கு வா, இல்லாங்காட்டி உன் ஊட்லயே இரு." மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாங்காட்டில் ராஜம்மாள் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "எம் பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டியே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். மறுநாள் தனலட்சுமியே நேரில் வந்து, "சம்பந்தி வர்றாரா, இல்லையா? மேளத்துக்குச் சொல்லணும்" என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பஸ் ஸ்டாப்பில் மேளம்

ஐயா ஜெயில் சூப்பிரண்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒரு பகலுக்கு மட்டும் பரோல், போலீஸ் எஸ்கார்ட்டோடு. கல்யாணத்தன்று காலை ஒரு ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் கன்னியப்பனைப் பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். வேலப்பன்சாவடியில் ஐயாவும் நானும் காத்திருந்தோம். கன்னியப்பன் நாங்கள் கொடுத்தனுப்பிய வெள்ளை வேட்டி, சட்டையில் இறங்கினார். கையில் விலங்கு.

இறங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். "இந்தக் கையோட வரமாட்டேன் ஐயா. திரும்பிப் போயிடலாம்."

ஐயா ஏட்டிடம் கெஞ்சினார். "நான் பொறுப்புங்க. கழட்டி விடுங்க."

"உங்க பொறுப்ப வச்சிக்கினு நா இன்னா பண்றது? இவன் ஓடிட்டான்னா எம் வேல போயிடும் சார்." அவர் கெட்டவர் இல்லை. பயந்தார், அவ்வளவுதான்.

அப்போது மேளச் சத்தம் கேட்டது. தெருமுனையிலிருந்து நாதஸ்வரம், தவில், பின்னால் ஆலத்தித் தட்டோடு தனலட்சுமி, அவர் பின்னால் தெருவே திரண்டு வந்தது. எல்லோருக்கும் முன்னால், கையில் ரோஜா மாலையோடு, அன்று துண்டை உதறிவிட்டுப் போன அதே மாமா!

மாமா நேராக வந்தார். விலங்கைப் பார்த்தார். பார்க்காதவர் போல மாலையைக் கன்னியப்பன் கழுத்தில் போட்டார். "வாங்க சம்பந்தி. நல்ல நேரம் போய்க்கினு கீது" என்றார்.

கன்னியப்பன் பதிலுக்குக் கும்பிடப் பார்த்தார். விலங்குச் சங்கிலி கான்ஸ்டபிள் பிடியில் இருந்ததால் கைகள் நெஞ்சுவரை எழவில்லை. தவில்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஏட்டு சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சாவியை எடுத்தார்.

"கும்பிடுய்யா" என்றார், விலங்கைக் கழற்றி.

கன்னியப்பன் கைகூப்பினார். தவில் வெடித்தது. அதுபோல ஒரு மேளத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. ராஜம்மாள் பந்தலிலிருந்து ஓடி வந்து, தெருவே பார்க்க அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தது கன்னியப்பன்தான். ஏட்டும் கான்ஸ்டபிளும் மாமாவுக்குப் பக்கத்திலேயே இலை போட்டுச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் கன்னியப்பன் கிளம்பும்போது யாரும் அழவில்லை. முருகேசன், "அடுத்த மனுவுக்கு நானும் வர்றேன் மாமா" என்றார். வந்தார். விடுதலையாகும் வரைக்கும் வந்துகொண்டே இருந்தார். விடுதலையான பிறகு கன்னியப்பன் தங்கியதும் அந்த வீட்டில்தான்.

அந்தக் குடும்பத்தில் யாரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. கமிட்டியில் இதைக் கேட்டபோது ஐயா, "நாம அனுப்பினது நல்ல செய்தி. அது அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு" என்றார். அதன்பின் அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இன்றைக்கு இந்த ஊழியத்துக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு குடும்பம் எவ்வளவு வெட்கத்தைத் தாங்கும் என்று நீங்களாக அளந்து முடிவு கட்டாதீர்கள். அவர்களில் ஒருவர் உண்மையைச் சொல்லக் கிளம்பினால் தடுக்காதீர்கள், அறிவுரையும் சொல்லாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போங்கள்.