கருநண்டின் வலது பக்கம்

மந்தைவெளியில் உமர் ஃபாரூக்கின் டிங்கரிங் ஷெட் இருக்கும் சந்துக்குள் லாரி நுழைந்தால், எதிரில் வரும் சைக்கிள்கூட பின்னால் போக வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு அதற்குள் ஒரு லாரி வந்தது. அதன் முதுகில் தார்ப்பாய் போர்த்திய பழைய அம்பாசடர். தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு இடது பக்கம் ஒரு பெரிய கருப்பு நண்டுக் கொடுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இட்லி வாங்க வந்தவர்கள் இட்லியை மறந்துவிட்டு நின்றார்கள்.

"டேய், கருநண்டு வண்டிடா!"

ஃபாரூக் மட்டும் கொடுக்கைப் பார்க்கவில்லை. நேராக வலது பக்கம் போனார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். அங்கே ஒன்றும் கிடையாது. எல்லா அம்பாசடருக்கும் இருக்கிற கதவு, எல்லா அம்பாசடருக்கும் இருக்கிற மட்கார்டு. "சே" என்று தார்ப்பாயை விட்டுவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்றில் வந்த 'கருநண்டு' படத்தில் பெசன்ட் நகர் மீனவப் பையன் ஒருத்தன் சூப்பர் ஹீரோ ஆகிவிடுவான். அவனுடைய வண்டிதான் இது. படம் சுமாராகத்தான் ஓடியது. வண்டி ஓடிய ஓட்டம் வேறு. ஆட்டோவுக்குப் பின்னால் கொடுக்கு, பள்ளிக்கூட நோட்டு அட்டையில் கொடுக்கு, தண்ணி லாரி நெற்றியில் கொடுக்கு. ஹீரோ முகம் மறந்துபோனவனுக்கும் கொடுக்கு மறக்கவில்லை. அந்தக் கொடுக்கை அடித்தது ஃபாரூக். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது.

லாரியிலிருந்து குதித்தவன் பெயர் ஹரி. வேளச்சேரிக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. நண்பர்களோடு சேர்ந்து நங்கநல்லூரில் ஒரு குடோனில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியைத் தேடிக் கண்டுபிடித்து வாங்கியிருந்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அதைக் காட்சிக்கு வைக்கப் போகிறார்கள்.

"பாய், துரு எடுத்து, இன்ஜினை ஓட வெச்சாப் போதும். உங்க டிசைனை வெச்சு நான் ஒரு கட்டுரையே எழுதிருக்கேன்."

"இன்னான்னு?"

"ஒரு பக்கம் நண்டு, ஒரு பக்கம் சாதா வண்டி. அதாவது பாதி ஹீரோ, பாதி நம்மள மாதிரி சாதா ஆளு. இன்னா யோசனை பாய்! உலகத்துல எந்த ஹீரோ வண்டிக்கும் இது கிடையாது."

பக்கத்தில் ஸ்ப்ரே கன்னைத் துடைத்துக்கொண்டிருந்த ஆம்ப்ரோஸ் சிரித்த சிரிப்பில் பீடி வாயிலிருந்து விழுந்தது. சாந்தோம்காரர். முப்பது வருஷமாக ஃபாரூக் தட்டி நிமிர்த்துகிற வண்டிக்கெல்லாம் பெயின்ட் அடிப்பவர்.

"சொல்லு பாய். யோசனை பண்ணியே, அத்த சொல்லு."

"கம்முனு கெட," என்றார் ஃபாரூக்.

யோசனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படம் எடுத்தபோது சினிமா கம்பெனி ஆறு நாள் கெடு கொடுத்திருந்தது. ஃபாரூக் பட்டினப்பாக்கத்தில் ஒரு பெரிய நண்டை வாங்கி வந்து பட்டறைக் கல் மேல் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து அடித்தார். இரண்டாம் நாள் தகடு தீர்ந்தது. வெளியே பந்த், கடை இல்லை. கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. மனைவி நஸ்ருன்னிசா தூங்கி எழுவதற்குள் அவள் சீராகக் கொண்டுவந்த இரும்பு பீரோவின் இடது கதவைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். கொடுக்கு ஆனது அந்தக் கதவுதான். மாடலாக இருந்த நண்டு அன்று ராத்திரியே குழம்பாகிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சினிமா கம்பெனி லாரி வந்து நின்றது. ஹீரோவுக்கு மறுநாளை விட்டால் தேதி இல்லையாம். இன்னொரு பக்கம் பாக்கி இருக்கிறதே என்று ஃபாரூக் கத்தினார். டைரக்டர் இடது பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார். "கேமராவை இந்தப் பக்கமே வெச்சுக்கிறோம்" என்றார். அவசரத்தில் வெளியே எடுக்கும்போது கேட் தூணில் இடித்துக் கொடுக்கின் நுனி வேறு வளைந்துபோனது. அதையாவது நிமிர்த்தித் தருகிறேன் என்றதற்கும் நிற்கவில்லை.

அதனால் படம் முழுக்க அந்த வண்டி ஒரே திசையில்தான் போகும். கடலை வலது பக்கம் வைத்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் வடக்கே பறக்கும். மறுபடியும் பறக்கும். மறுபடியும் வடக்கேதான். கருநண்டு போனதைத்தான் ஜனம் பார்த்தது. திரும்பி வந்ததை ஒருத்தரும் பார்த்ததில்லை.

ஊரே கொண்டாடியபோதும் ஃபாரூக் அந்தப் படத்தை முழுசாகப் பார்க்கவில்லை. பாதி வேலையோடு ஷெட்டை விட்டுப் போன வண்டி அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான். யாராவது அந்த வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். இருபத்து நாலு வருஷமாகக் குடித்த டீயில் பாதி அப்படிக் குடித்ததுதான்.

இப்போது வண்டி தானாக வந்து வாசலில் நிற்கிறது.

"தம்பி, வலது பக்கமும் கொடுக்கு வெச்சு முடிச்சுத் தரேன்."

ஹரிக்கு முகம் வெளுத்தது. "ஐயோ பாய், வேணாம்! அந்தப் பக்கம் கையே வைக்காதீங்க. அப்புறம் அது கருநண்டு வண்டியே இல்ல."

"செஞ்சவன் நானு. நீ எனக்குச் சொல்றியா?"

"பாய், ப்ளீஸ். மூவாயிரம் பேர் வராங்க."

ஃபாரூக் வலது மட்கார்டை விரலால் தட்டிப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஹரி சரி என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாளே பட்டினப்பாக்கம் போய் நண்டு வாங்கி வந்தார். பழைய பீரோ ஷெட்டுக்குள்தான் நின்றது, ஸ்பேனரும் சுத்தியலும் போட்டு வைக்க. அதன் வலது கதவைக் கழற்றினார். சாப்பாடு கொண்டுவந்த நஸ்ருன்னிசா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, எங்கம்மா குடுத்த பீரோவுல இன்னும் எதுனா பாக்கி கீதா, இல்ல அடித் தகட்டையும் எடுத்துக்கப் போறீங்களா?"

"ரெண்டு பக்கமும் சமமாயிடுச்சுல்ல. உனக்கு சந்தோசம்தானே?"

"நல்லா சமமாச்சு. அந்த நண்டையாவது வெயில்ல காய வைக்காம இப்பவே குடுங்க. போன தடவை நாறிப்போச்சு. அத்தயும் துன்னீங்க."

நாலு நாள் அடித்தார். இருபத்தெட்டு வயதுக் கை முரட்டுக் கை. இப்போது அது ஐம்பத்திரண்டு வயதுக் கை. எங்கே ஒரு தட்டு, எங்கே அரைத் தட்டு என்று அதற்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் ஆம்ப்ரோஸ் கடைசி கோட் அடித்து முடித்தார். இரண்டு பேரும் முன்னால் போய் நின்று பார்த்தார்கள்.

வலது கொடுக்கு உயிரோடு இருந்தது. தொட்டால் கவ்விவிடும் போலிருந்தது. அதற்குப் பக்கத்தில் பழைய இடது கொடுக்கு, யாரோ அவசரத்தில் தட்டிப் போட்ட தகரம் மாதிரி தெரிந்தது.

"பாய்," என்றார் ஆம்ப்ரோஸ் மெதுவாக, "இப்ப இடது பக்கம் சுமாரா கீது."

"தெரியுது."

"அத்தயும் கழட்டிப் புச்சா அடிக்கப் போறியா? பீரோவுல கதவு இல்லியே."

ஃபாரூக் கதவில்லாத பீரோவைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஹரி உள்ளே வந்தான். பார்த்தான். திட்டவில்லை. ஒரு டயர் மேல் போய் உட்கார்ந்தான்.

"நல்லாத்தான் இருக்கு பாய்," என்றான். குரல் அவனுக்கே கேட்டிருக்காது. பிறகு எழுந்து இடது பக்கம் போய், வளைந்த நுனி மேல் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"அது கோணல்டா. கேட்டுல இடிச்சது."

"இருக்கட்டும் பாய். நாலாங் கிளாஸ்ல எனக்கு ஒரு படமும் வரைய வராது. நேரா ஒரு கோடு போட்டு நுனியை மட்டும் இப்படி வளைச்சு விடுவேன். கிளாஸே 'கருநண்டு'ன்னு கத்தும். அந்த வருஷம்தான் எனக்கு சினேகிதங்களே கெடைச்சாங்க." சட்டைக் கையை மேலே தள்ளினான். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தான். ஒற்றைக் கொடுக்கு, கோணல் நுனியோடு.

ஃபாரூக் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தன்னுடைய தப்பை ஒருத்தன் தோலில் குத்திக்கொண்டு திரிகிறான். நிமிர்த்த வேண்டுமென்றால் முதலில் அவன் கையை நிமிர்த்த வேண்டும்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். வலது பக்கம் குனிந்தார். நாலு போல்ட். கொடுக்கு கழன்று கையோடு வந்தது.

ஆம்ப்ரோஸ் எட்டிப் பார்த்தார். "வெல்டிங் பண்ணலியா நீ?"

"மறந்துட்டேன்."

"முப்பது வருசத்துல நீ வெல்டிங் மறந்து நான் பாத்ததில்ல."

"இப்ப பாத்தியில்ல, வாய மூடு. தம்பி, அம்பாசடர் மட்கார்டு மாட்டணும், அந்தப் பக்கம் புடி."

ஞாயிற்றுக்கிழமை தி.நகர் மைதானத்தில் நெரிசல். மேடையில் மைக்கை நீட்டி, "ஒரு பக்கம் மட்டும் டிசைன் பண்ணினதுக்கு என்ன காரணம் சார்?" என்று கேட்டார்கள்.

"டைம் இல்ல," என்றார் ஃபாரூக்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கை தட்டியது. எவ்வளவு அடக்கம் பாரு என்றார்கள். ஃபாரூக்குக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையை மூவாயிரம் பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர்கள் பாடு. அன்றைக்கு அவர் டீ குடிக்க எழுந்து போகவில்லை.

சாயங்காலம் நஸ்ருன்னிசாவை ஏற்றிக்கொண்டு தன் பழைய ஆம்னி வேனில் கிளம்பினார். அந்த ஆம்னியின் வலது பக்கம், முன் கதவுக்கு முன்னால், புதுக் கொடுக்கு நாலு போல்ட்டில் உட்கார்ந்திருந்தது. நல்ல வேலையை மூலையில் போட அவருக்கு மனசு வரவில்லை.

"வூட்டுக்குப் போற வழி இது இல்லியே?" என்றாள் நஸ்ருன்னிசா.

"தெரியும். பீச்சாண்ட ஒரு சுத்து."

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் வடக்குக் கோடிக்குப் போய் வண்டியைத் திருப்பினார். கடல் இப்போது இடது பக்கம் இருந்தது. கொடுக்கு கடைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, தெற்கே பார்த்து மெதுவாக ஓட்டினார். காபிக் கடை வாசலில் மகளைத் தோளில் வைத்திருந்த ஒரு ஆள் பார்த்தான். கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காபி சட்டையில் கொட்டியது. அதைக்கூட கவனிக்காமல் கத்தினான்:

"டேய்! கருநண்டு திரும்பி வந்துட்டான்டா!"