சூடானால் மட்டும் கேட்ட டிக் டிக்

காலையில் காரைக் கிளப்பும்போது சத்தமே இருக்காது. நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் போவதற்குள் இன்ஜின் சூடாகி, 'டிக் டிக்' என்று தட்டும். தினமும் ஆயில் குச்சியை எடுத்துப் பார்ப்பேன். அளவு சரியாக இருக்கும். கிளம்பும்போது மனைவியைக் கேட்கச் சொன்னால், "ஒண்ணும் கேக்கலைங்களே" என்பாள். என் காதில்தான் கோளாறோ என்று குழம்பினேன்.

கடைசியில் தொப்பூர் மெக்கானிக்கிடம் காட்டினேன். "குச்சி நுனியிலகூட ஆயில் ஒட்டலைங்க. இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா இன்ஜினே போயிருக்கும். எங்க நிறுத்தி அளவு பாப்பீங்க?"

"வூட்டு வாசல்லதாங்க. சரிவா இருக்கும்."

"அதான், இருந்த ஆயிலெல்லாம் குச்சிப் பக்கமா சேர்ந்துருக்கு. சூடானதும் அந்தக் கொஞ்ச ஆயிலும் நீர்த்துப்போய்ப் பத்தாமதான் தட்டியிருக்கு."

மழைத் தண்ணீர் நிற்கக் கூடாதென்று வாசலைச் சரிவாகப் போட்டவனே நான்தான். இப்போது ரேஷன் கடை முன்னால் சமதரையில் நிறுத்தி, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அளவு பார்க்கிறேன். வரிசையில் நிற்பவர்கள், "வண்டி நின்னுபோச்சுங்களா?" என்கிறார்கள்.

"நின்னுபோகக் கூடாதுன்னுதாங்க நிறுத்தியிருக்கேன்" என்கிறேன்.